முகம் பார்க்காமல் வந்த பரிசு

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்கப் பெருஞ்சித்திரனார் என்ற புலவர் மலை பல கடந்து வந்தார். அரசன் அவரைப் பார்க்கவில்லை. பொருளை மட்டும் கொடுத்தனுப்பி, வாங்கிக்கொண்டு போகச் சொன்னான். புலவர் வாங்க மறுத்தார். ஆளைப் பார்க்காமல் கொடுத்ததை எடுத்துப் போக நான் வியாபாரத்துக்கு வந்தவனில்லை என்ற கருத்தில் ஒரு பாட்டைச் சொன்னார். புறநானூற்றில் 208ஆம் பாட்டாக அது இருக்கிறது.

வயிறு நிறைந்தவரின் வீம்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதே புலவர் குமணனைப் பாடியபோது தன் வீட்டு வறுமையை, வயதான தாயையும் பசியில் வாடும் மனைவி மக்களையும், கொஞ்சமும் மறைக்காமல் சொன்னவர். அவருக்குப் பொருள் தேவைப்பட்டது. ஆனாலும் முதலில் என்னைப் பார், பிறகு என் பாட்டுக்குக் கொடு என்பதில் அவர் இறங்கி வரவில்லை.

தகடூர் இன்றைய தருமபுரி. 1965 வரை அது சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல்லும் 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆக, ஒரு மனிதரின் மதிப்பும் அவர் செய்துகொடுக்கும் வேலையின் மதிப்பும் ஒன்றா என்ற கேள்வி இந்த மண்ணில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது. அந்தக் கேள்வியை நாம் மறந்துவிட்டோம் என்பதே என் கவலை. கடைசியாக எழுதிய தேர்வு, கடைசியாக நெய்த மீட்டர், கடைசியாக வந்த சம்பள உயர்வு, இவற்றை வைத்துத்தான் நம்மை நாமே எடைபோடுகிறோம். அந்தக் கணக்கு இறங்கும் வாரத்தில் ஆளும் இறங்கிப்போகிறார்.

இந்தப் பழக்கம் சோம்பலில் வந்ததல்ல, உழைப்பில் வந்தது. அதனால்தான் இதைக் குறை சொல்வது கடினம். சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன் என்று சுற்றிலும் மலைகள் இருந்தும் நடுவில் கிடக்கும் சமவெளி வறண்டது. காவிரி ஓரமாகத் தொட்டுக்கொண்டு போகிறது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் தண்ணீரில் பெரும்பங்கு கீழே தஞ்சைக்குப் போய்விடுகிறது. வானத்தையும் கிணற்றையும் மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதவர்கள் தறி போட்டார்கள், லாரி வாங்கினார்கள், மரவள்ளியை ஜவ்வரிசியாக்கினார்கள், கோழிப்பண்ணை வைத்தார்கள். தண்ணீர் இல்லாத ஊரான திருச்செங்கோட்டிலிருந்துதான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போகின்றன. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்ற பழமொழி இங்கே பிள்ளைகளை மிரட்டச் சொன்னதல்ல, கண்ணால் கண்டது.

அதைக் கண்ட காலங்களில் கொடியது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் சேலம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் 20 லட்சத்தை நெருங்கியிருந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1881இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. அந்த நேரத்தில் கல்கத்தாவிலிருந்து வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வருகிறவர்களின் கூலியை நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்று குறைத்தார். எலும்பும் தோலுமாக நின்றவர் முதலில் ரோட்டு வேலைக்கோ குளத்து வேலைக்கோ வர வேண்டும். உழைக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே தானியம். மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கிற உடம்பு தேயும், சாகும் என்று எதிர்த்து எழுதினார். 1877ஆம் ஆண்டிலேயே கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று.

அன்றைய அதிகாரிகளை இன்று திட்டுவதில் பயனில்லை. ஆனால் சோற்றுக்கு முன்னால் வேலையைக் காட்டு என்ற அந்தச் சட்டம் ஆட்சி போன பின்னும் போகவில்லை. கிராமத்து வீடுகளில் எழுபது வயதைத் தாண்டிய ஆத்தாக்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்: “வேல செய்யாம உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குதுங்க.” மருமகள் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாள். பேரன் மாதாமாதம் பணம் அனுப்புகிறான். இருந்தும் முட்டி தேய்ந்த காலோடு நூறு நாள் வேலைக்கு மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், இல்லையென்றால் திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். சுறுசுறுப்பு என்று நாம் பாராட்டுகிறோம். அதில் பாதி பயம். உழைக்கவில்லை என்றால் இந்த வீட்டில் தனக்கு என்ன இடம் என்ற பயம்.

தறிக்கு வருகிறேன். குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறிக் கூடங்களில் கூலி மீட்டர் கணக்கில். இரவு ஷிப்டில் ஓர் ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும், தறி நின்ற ஒவ்வொரு நிமிஷமும் கூலியில் கழியும். சேரும்போதே வாங்கிய அட்வான்ஸ் தலைக்கு மேல் நிற்கிறது. அதை அடைக்காமல் வேறு கூடத்துக்குப் போக முடியாது. காய்ச்சலில் படுத்தவர் முதலில் கேட்பது உடம்பைப் பற்றி அல்ல, தன் தறியை யார் ஓட்டுகிறார்கள் என்றுதான்.

கைத்தறிக்கும் கூலி உருப்படிக் கணக்கில்தான். சேலத்து வெண்பட்டு நெய்த குழித்தறிக்காரர்கள் வசதியாக வாழ்ந்தார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வாழ்க்கைக்குள் ஒரு வேலி இருந்தது. நெசவுக் குடும்பங்கள் பலவற்றில் அமாவாசையன்று தறிக்குழியில் இறங்காத வழக்கம் உண்டு. ஆடியில் சேலத்து மாரியம்மன் பண்டிகை வந்தால் குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை பார்க்க ஊரே தெருவில் நிற்கும். அந்த நாளில் ஒருவரிடம் நீ போன வாரம் எத்தனை உருப்படி முடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அதிகம் நெய்தவருக்கு மட்டும் அமாவாசை என்று சட்டம் இல்லை. ஓய்வு சம்பாதித்து வாங்குவதாக இல்லாமல் நாட்காட்டியில் எல்லாருக்கும் பொதுவாக வந்தது. விசைத்தறி வந்தபோது இந்த மண் இழந்ததில் இதுவும் ஒன்று; இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ராஜாஜி 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியதும் வறட்சியில் வாடிய கிராமங்களுக்காகத்தான். பெண்கள் நூல் நூற்றுச் சிட்டமாகக் கொண்டுவந்து போட்டுக் காசு வாங்கிப் போனார்கள். அங்கும் அளவு சிட்டம்தான். பத்தாண்டு கழித்து, 1935இல், காந்தி ஒரு பிரச்சினையைக் கிளப்பினார். நூற்கிறவளுக்குச் சந்தை கொடுக்கிற கூலி அவள் வயிற்றுக்குக்கூடப் போதவில்லை; வாழத் தேவையான குறைந்தபட்சக் கூலியை முதலில் உறுதி செய்யுங்கள் என்றார். கதர் விலை ஏறிவிடும், விற்காது என்று அவருடைய ஆட்களே தயங்கினார்கள். அகில இந்திய நூற்போர் சங்கம் கடைசியில் அந்தக் கொள்கையை ஏற்றது. காந்தி கேட்ட அளவு கூலி கிடைக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் நூலின் விலையிலிருந்து நூற்கிறவளின் மதிப்பைக் கணக்கிடாதே, அவள் வாழ்க்கையிலிருந்து நூலின் விலையைக் கணக்கிடு என்ற வாதம், இந்தச் சமவெளி கேட்ட வாதங்களில் மிக முக்கியமானது என்று நினைக்கிறேன்.

அந்த வாதம் பள்ளிக்கூடத்தில் தோற்றது. எப்படி என்பதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் மருத்துவம், பொறியியல் சேர்க்கைக்கு 1984 முதல் நுழைவுத்தேர்வு இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாதகம் என்று 2006இல் சட்டம் கொண்டுவந்து, 2007 முதல் அதை எடுத்துவிட்டார்கள். நோக்கம் நல்லது, நானும் வரவேற்றேன். ஆனால் அதன்பின் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்தது. பொறியியல் என்றால் கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு ஐம்பது ஐம்பது என்று 200க்கு கட்-ஆஃப். கால் மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானவர்கள் முந்திவிடும் நிலை. அதற்கு முன்பே பேர் வாங்கியிருந்த நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோட்டு விடுதிப் பள்ளிகளுக்கு ராமநாதபுரத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். நிலத்தை அடமானம் வைத்துக் கட்டணம் கட்டியவர்கள் உண்டு.

விடிவதற்கு முன் எழுப்புவார்கள். ஸ்டடி முடித்துப் படுக்கப் பத்தரை, பதினொன்று. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திரும்பத் திரும்ப எழுதவைத்த பள்ளிகள் பல. வாராவாரம் டெஸ்ட். மதிப்பெண்ணை வைத்து வகுப்பைப் பிரித்து, இந்த வாரம் குறைந்தவனை அடுத்த வாரம் கீழ்ப்பிரிவில் உட்கார வைப்பதும் நடந்தது. பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி வாசலில் பஸ்ஸிலிருந்து இறங்குவார்கள், கையில் தூக்குவாளி, அதில் கோழிக்குழம்பும் சோறும். மரத்தடியில் துண்டை விரித்துப் பிள்ளையை உட்கார வைத்துப் பரிமாறுவார் அம்மா. அப்பா அதற்குள் ஆபீஸுக்குப் போய் மார்க் ஷீட்டை வாங்கி வந்திருப்பார். சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும் பையன் அப்பா முகத்தைப் பார்ப்பான். பசி போய்விடும். அந்த மரத்தடிகளில் பாதிச் சாப்பாட்டோடு மூடிய தூக்குவாளிகள் எத்தனை!

முட்டைக்கோழிக்கும் இங்கே ஒரு கணக்கு உண்டு. ஏறக்குறைய எண்பது வாரம் ஆகி முட்டை குறையத் தொடங்கினால் பண்ணையில் தீவனம் கட்டுப்படியாகாது, கறிக்கு விற்றுவிடுவார்கள். பண்ணைக்காரருக்கு அது சரியான கணக்கு. தீவனமும் முட்டையும் போல் கட்டணத்தையும் மதிப்பெண்ணையும் ஒரே பேரேட்டில் எழுதக் கற்றுக்கொண்டதுதான் நாம் பிள்ளைகளுக்குச் செய்த கெடுதல்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2017 மே மாதத்தில், பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். பிளஸ் ஒன் பாடத்தைப் பள்ளிகள் தாண்டிப் போவதைத் தடுக்க 2017–18 முதல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். அது பிள்ளைகள் தலையில் இன்னொரு சுமையானது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு எடுக்கப்பட்டது சரியான முடிவு.

ஆனால் 2017 இன்னொன்றையும் காட்டியது. மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வு தமிழ்நாட்டில் அந்த ஆண்டு கட்டாயமாயிற்று. அரியலூர் மாவட்டத்து அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியிருந்தார். மருத்துவக் கட்-ஆஃப் 196.75. மே மாதத்தில் ஊரே கொண்டாடிய அந்த எண் ஆகஸ்டு முடிவதற்குள் செல்லாக்காசானது. உச்ச நீதிமன்றம் வரை போய்ப் போராடிய அந்தப் பெண் செப்டம்பர் 1ஆம் தேதி நம்மைவிட்டுப் போனார். நீட் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் என் பக்கம் எது என்பதை வேறு இடத்தில் எழுதியிருக்கிறேன். இங்கே சொல்ல வருவது, ஒரு பிள்ளையின் முழு மதிப்பையும் ஓர் எண்ணில் ஏற்றி வைத்தது ஒரு ஊரோ ஒரு பள்ளியோ மட்டுமல்ல, நாம் எல்லாருமே என்பது. எண்ணை மாற்றுவது அரசின் கையில், கோர்ட்டின் கையில், யார் யார் கையிலோ இருக்கிறது.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ராமானுஜன் கதையைச் சொல்லிவிடுவார்கள். நாமக்கல்காரர்களுக்கு அவர் மேல் உரிமை உண்டு. அவர் குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல் மலையடிவாரத்து நாமகிரித் தாயார். குழந்தை வேண்டி அந்தத் தாயாரை வேண்டிக்கொண்ட பிறகே 1887இல் ஈரோட்டில் அவர் பிறந்தார் என்பது வீட்டார் நம்பிக்கை. கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார், யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினம் வரை போனார், சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார், மறுபடி எழுதி மறுபடியும் தோற்றார். பிறகு கேம்பிரிட்ஜ், ராயல் சொசைட்டி. பார்த்தாயா, தோற்றவனும் ஜெயிக்கலாம் என்று முடிப்பார்கள்.

அப்படிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கடைசியில் ஜெயித்ததால்தான் அவருக்கு மதிப்பு என்றால், ஜெயிக்காத லட்சம் பேருக்கு இந்தக் கதை என்ன சொல்லும்? நான் நினைத்துப் பார்ப்பது 1907க்கும் 1910க்கும் நடுவில் இருந்த ராமானுஜனை. பட்டம் இல்லை, வேலை இல்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் திண்ணையில் உட்கார்ந்து சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டுக்கொண்டிருந்த இளைஞன். அவர் கண்டுபிடித்தது என்ன என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அந்த வருஷங்களிலும் தாய் கோமளத்தம்மாள் அவருக்குச் சோறு போட்டார். மகன் பிற்பாடு என்ன ஆவான் என்று அந்தத் தாய்க்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

1910இன் கடைசியில் ராமானுஜன் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் போய்ப் பார்த்தார். ராவ் கொஞ்ச காலத்துக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். ராமானுஜன் ஆராய்ச்சியைத் தொடர அது போதுமானதாக இருந்தது. ஆனாலும் யாருக்கும் நெடுநாள் பாரமாக இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். உலகத்தின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவருக்கே, சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று உறுத்தியிருக்கிறது. சாதனை வந்த பிறகு அந்த உறுத்தல் போயிற்றா? ராயல் சொசைட்டி அவரைத் தேர்ந்தெடுத்த அதே 1918இன் தொடக்கத்தில் லண்டனில் அவர் உயிரைவிடத் துணிந்தார், நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். நோய், தனிமை, போர்க்கால இங்கிலாந்தில் கிடைக்காத சாப்பாடு, அதற்கு முந்திய ஆண்டு டிரினிட்டி கல்லூரி மறுத்த ஃபெலோ பதவி என்று காரணங்கள் பல. அவர் வெளியிட்டிருந்த கட்டுரைகள் எதுவும் அந்த நாளில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாதித்துவிட்டால் மனம் நிம்மதியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2007க்குப் பிந்திய முதல் சில ஆண்டுகளில் அந்தப் பள்ளி விடுதிகளில் படித்தவர்களுக்கு இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை இரவு பெங்களூருவிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில் அவர்களைப் பார்க்கலாம். மடியில் லேப்டாப், முகத்தில் அதன் வெளிச்சம். கட்-ஆஃப் போய் ரேட்டிங் வந்திருக்கிறது, வாராந்தர டெஸ்ட் போய் டார்கெட் வந்திருக்கிறது. நல்ல சம்பளம்தான். ஆனால் ஒரு வாரம் வேலை ஓடவில்லை என்றால் தூக்கம் வருவதில்லை என்கிறார்கள். பல வருஷம் ஒழுங்காகச் செய்த வேலை கணக்கில் வருவதில்லை. போன காலாண்டு மட்டும்தான் நினைவில் நிற்கிறது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் 12,000க்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தபோது, வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று எத்தனை வீடுகளில் யோசித்திருப்பார்கள்! சம்பளம் நின்றால் வரும் கஷ்டம் நிஜம். தவணை கட்ட வேண்டும், பிள்ளைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கஷ்டத்தின் மேல், நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற வெட்கத்தையும் ஏற்றிக்கொள்கிறார்களே, அது மரத்தடி ஞாயிற்றுக்கிழமையில் கற்றது.

உழைப்பைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்த வறண்ட நிலத்தை உழைப்புதான் நிமிர்த்தியது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. வேலை சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்லத்தான் வேண்டும். துணியில் பிசிறு இருந்தால் மேஸ்திரி காட்டத்தான் வேண்டும், கணக்குத் தப்பினால் வாத்தியார் அடிக்கோடு போடத்தான் வேண்டும். ஆனால் அது துணியைப் பற்றிய தீர்ப்பு, கணக்கைப் பற்றிய தீர்ப்பு. ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. தன்னைப் பற்றிய பயம் இல்லாதவர்தான் பிசிறைக் காட்டினால் கோபப்படாமல் பார்ப்பார், அடுத்த தடவை சரியாக நெய்வார். பயந்தவர் மறைப்பார். தொழில் நடத்துகிறவர்களுக்கே இது தெரியும்.

எனவே சில வேண்டுகோள்கள். பள்ளி நடத்துகிறவர்களே, மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளை வாராவாரம் இடம் மாற்றி உட்கார வைப்பதை விட்டுவிடுங்கள். அதற்கு அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோர்களே, பார்க்கப் போகும் நாளில் ஆபீஸுக்குக் கடைசியாகப் போங்கள். பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும். வெளியூரில் வேலை பார்க்கும் மகனோ மகளோ போன் பண்ணினால், பிரமோஷன் என்ன ஆச்சு என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் புளி கொட்டை எடுக்கும் ஆத்தாவிடம், இது உன் வீடு என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தெரியும்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

இதைப் படிக்கும்போதே மனம் கனத்துப்போயிருக்கிறவர்கள் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். அது அரசின் டெலி-மானஸ் உதவி எண். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.